எரியும் விளக்கைவிட அணைக்கப்பட்ட விளக்கே ஆபத்து

பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் காலை ஷிப்டுக்குக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு நிலைமை தெரியும். முன்னால் கண்டெய்னர் லோரி, பின்னால் ரசாயன டேங்கர், இடையில் புகுந்து புறப்படும் மோட்டார் சைக்கிள்கள். துறைமுகமும் தொழிற்சாலைகளும் இருக்கும்வரை இந்த நெரிசல் குறையப் போவதில்லை. இப்படிப்பட்ட சாலையில்தான், மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்தபடியே மாதக்கணக்கில் கார்கள் ஓடுகின்றன. “வண்டி ஓடுது, ஏசி குளிருது, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய பேர்.

அந்த விளக்கு அணையாமல் இருந்தால், மோதும் நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். சீட் பெல்ட்டை நொடியில் இழுத்து இறுக்கும் கருவியும் ஏர்பேக்கை இயக்கும் அதே கட்டுப்பாட்டுப் பெட்டியை நம்பித்தான் இருக்கிறது; அதுவும் சேர்ந்தே கைவிடலாம்.

சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பிளக்

பெரிய செலவு என்று பயந்தே பலர் பட்டறைப் பக்கம் போவதில்லை. ஆனால் கோளாறு பல நேரம் சின்ன இடத்தில்தான் இருக்கும். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். பல கார்களில் மஞ்சள் நிற பிளக் ஒன்று தெரியும். ஏர்பேக் இணைப்புகளுக்குப் பெரும்பாலான கார்களில் மஞ்சள்தான் அடையாளம். குடை, செருப்பு, தண்ணீர் போத்தல் என்று எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் செருகுகிறோம். கார் கழுவும் கடையில் வேக்குவம் குழாயும் அங்கேதான் நுழைகிறது. பிளக் ஒரு நூலளவு தளர்ந்தாலே போதும், விளக்கு எரிந்துவிடும். “தம்பி, சாமானை எல்லாம் பின்னால பூட்ல போடு, சீட்டுக்கு அடியில திணிக்காதே” என்று மாசாயில் ஒரு மெக்கானிக் அண்ணன் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். பிளக்கைச் சரியாக மாட்டினாலும் பல கார்களில் விளக்கு தானாக அணையாது. பதிவான கோளாறு குறியீட்டை ஸ்கேன் மெஷின் வைத்து அழிக்க வேண்டும்.

ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டீயரிங்கில் உள்ள ரேடியோ பொத்தானும் வேலை செய்யவில்லை, கூடவே ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மீது விழ வேண்டும். ஸ்டீயரிங் சக்கரத்தோடு சுற்றிச் சுற்றித் தேயும் சுருள் நாடா அது. பேட்டரி பலவீனமானாலும் சில கார்களில் விளக்கு எரியும். வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால் கதை வேறு. பல கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி கியர் பக்கம், தரையை ஒட்டியே இருக்கிறது. தரைவிரிப்பு ஊறினால் ஈரம் அதையும் எட்டும், இணைப்புகளில் பச்சை பூக்கும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஸ்கேனர்களில் பல, இன்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும். ஏர்பேக் அமைப்பைப் படிக்கக்கூடிய மெஷின் உள்ள பட்டறைக்கே போக வேண்டும். கிடைக்கும் குறியீடு எந்தச் சுற்றில் கோளாறு என்றுதான் காட்டும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. குறியீட்டைப் பார்த்த உடனே “முழு ஏர்பேக்கையும் மாத்தணும்” என்று சொன்னால், வயரும் பிளக்கும் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். வீட்டில் மல்டிமீட்டரை வைத்து ஏர்பேக் வயரைச் சோதிக்கவே கூடாது. மீட்டர் செலுத்தும் சிறு மின்சாரமே பையை வெடிக்க வைக்கலாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் பெட்டிக்குள் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

யார் அணைத்தார்கள்?

எனக்குப் பெரிய கவலை, விளக்கு எரியும் கார்களைப் பற்றியது அல்ல. விளக்கைச் சாகடித்து விற்கப்படும் கார்களைப் பற்றியது. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளங்களைச் சேர்த்து, பழைய கார் வாங்கும் நம் பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள். விபத்தில் ஏர்பேக் வெடித்த காருக்குப் புதிய பை போடச் செலவு அதிகம். அதனால் மீட்டரில் உள்ள பல்பைக் கழற்றிவிடுகிறார்கள், இல்லையென்றால் வேறொரு விளக்கின் வயரோடு இணைத்துவிடுகிறார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள் பை இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ரெசிஸ்டரைப் பொருத்தி, கட்டுப்பாட்டுப் பெட்டியையே ஏமாற்றுகிறார்கள்.

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்தக் கார் வேண்டாம். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே, ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தால், இரண்டையும் யாரோ இணைத்திருக்கலாம். ரெசிஸ்டர் வித்தை இந்தச் சோதனையில் சிக்காது. ஸ்டீயரிங் நடு மூடியின் நிறம், டேஷ்போர்டின் விளிம்பு, முன்பக்கம் மாற்றப்பட்ட தடயம் ஆகியவற்றைத் தெரிந்த மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏர்பேக்கே இல்லாத கார்களைத்தானே நம் அப்பாமார் ஓட்டினார்கள் என்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அவர்களுக்குத் தங்கள் காரில் அது இல்லை என்று தெரிந்திருந்தது. இருக்கிறது என்று நம்பவைத்து விற்பது ஏமாற்று வேலை.

விளக்கு ஒழுங்காக அணைந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2014இல் சரவாக்கின் சிபுவில், விபத்தில் விரிந்த ஏர்பேக்கிலிருந்து சிதறிய உலோகத் துண்டு ஒரு கர்ப்பிணியின் உயிரைப் பறித்தது. அவர் குழந்தையும் பிழைக்கவில்லை. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்கவைத்த அதே குறைபாடு அது. அந்த ஏர்பேக்குகளில் பையை ஊதும் ரசாயனம், நம் ஊரைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் ஆண்டுகள் போகப் போகக் கெட்டுப்போகிறது. இதற்கு எந்த விளக்கும் எரியாது. காரின் கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கொடுத்துக் கேட்டால், அந்தப் பட்டியலில் உங்கள் கார் இருக்கிறதா என்று தெரியும். திரும்ப அழைக்கப்பட்ட காராக இருந்தால் மாற்றித் தருவதற்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். விளக்கு எரிந்தால் இந்த வாரமே ஸ்கேன் செய்யுங்கள். “விளக்கை மட்டும் அணைச்சுக் கொடுங்க” என்று எந்த மெக்கானிக்கிடமும் கேட்காதீர்கள். அப்படிச் செய்து தர முன்வரும் பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள்.