“அன்றிரவு என்ன நடந்தது?” என்று கேட்கும் முன்னர்...

மீஞ்சூரிலிருந்து எண்ணூர் நோக்கிப் பயணம் செய்வோர்க்கு வள்ளூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வெகு தொலைவிலேயே தென்பட்டுவிடும். தலா 500 மெகாவாட் திறன் கொண்ட மூன்று அலகுகள் அங்குள்ளன. அவற்றைக் கடந்து கொசஸ்தலை ஆற்றையும் தாண்டினால் எண்ணூரின் மீனவக் குப்பங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் ஆலைகள், நடுவே மக்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் அவர்களை நோக்கிக் கடல் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 2023-இல், அதே டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி அம்மோனியா வாயு வந்தது. கப்பலிலிருந்து கோரமண்டல் நிறுவனத்தின் உர ஆலைக்கு அம்மோனியாவைக் கொண்டு செல்லும் கடலடிக் குழாய், பெரியகுப்பம் அருகே கசிந்துவிட்டது. கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் இருளில் ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்னர்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய்க் கழிவு, முகத்துவாரத்தின் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியிருந்தது.

இத்தகைய ஊருக்குள், மருத்துவ உளவியல் பயிலும் மாணவி ஒருத்தி கையில் வினாத்தாளுடன் நுழைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் எதைக் கேட்க வேண்டும்? எதைக் கேட்கக் கூடாது? அதைக் கற்றுக்கொடுப்பதற்கே களப்பயிற்சி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதித் தருபவர் அல்லர். அது மனநோய் மருத்துவரின் பணி. உரையாடலாலும் சோதனைகளாலும் மனத்தின் நிலையை மதிப்பிட்டு, பேச்சு வழியாகவே சிகிச்சை அளிப்பவர் இவர். நம் நாட்டில் நெடுங்காலமாக இத்தொழிலுக்கு வாயிலாக இருந்துவருவது, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஏற்புப் பெற்ற இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பு. அதில் ஏட்டுப் பாடத்தைவிட நோயாளியின் முன் அமரும் நேரமே பெரிது. முதலில் ஆசிரியர் பேச மாணவர் கவனிப்பார். பிறகு மாணவர் பேச ஆசிரியர் கவனிப்பார். அதன் பின்னரே தனியே விடுவார்கள். தனியே பேசி வந்த பின்னும் ஒவ்வொரு குறிப்பையும் ஆசிரியரிடம் காட்டி, “இதை ஏன் கேட்டாய்? அங்கே ஏன் மௌனமானாய்?” என்ற வினாக்களுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

மனக்காயத்தை அளக்கக் கருவிகள் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோய்க்கு ‘பி.டி.எஸ்.டி.’ என்ற பெயரை அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980-இல் தன் கையேட்டில் ஏற்றது. இப்போது பரவலாகப் பயன்படும் ஒரு வினாநிரலில் 20 கேள்விகள். கெட்ட கனவு வருகிறதா, நினைவுகள் தாமே வந்து மோதுகின்றனவா, சிறு ஓசைக்கும் திடுக்கிடுகிறீர்களா என்று அது வினவும். அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால்தான் இந்நோயின் பெயரைச் சொல்லலாம். முதல் வாரத்திலேயே அழுகிறவர் எல்லாரையும் நோயாளி ஆக்கிவிடக் கூடாது.

சுனாமி நிகழ்ந்து இரண்டு மாதங்களுக்குப் பின், தமிழகக் கடலோரக் கிராமம் ஒன்றில் 314 பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2007-இல் வெளியானது. 12.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் காணப்பட்டது. பெண்கள், காயமுற்றோர், வருமானம் முற்றிலும் அற்றுப்போன குடும்பத்தினர் ஆகியோரிடம் அதிகம். எனக்கு இதில் வியப்பளிப்பது மறுபக்கமே. அவ்வளவு பெரிய அழிவுக்குப் பின்னும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்நோய்க்குள் விழவில்லை! ஆகவே, எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொல்வது உதவி ஆகாது. அனைவரையும் கட்டாயமாகப் பேசவைக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. 2011-இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பாருங்கள், செவிகொடுங்கள், தேவையான உதவியோடு இணைத்துவிடுங்கள் என்கிறது. “சொல்லுங்கள்” என்று வற்புறுத்தும் பகுதி அதில் இல்லை.

எண்ணூரில் இன்னொரு சிக்கல் உண்டு. வாயு நெடி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கம் வரவில்லை என்று ஒரு தாய் கூறினால், வினாநிரலின்படி அது மிகை விழிப்பு, நோயின் அறிகுறி. ஆனால் ஆலை அதே இடத்தில்தான் இருக்கிறது. சிறிது காலம் மூடப்பட்டுப் பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது. குழாய் இருக்குமிடத்தில் நெடிக்கு அஞ்சுவது நோயா, புத்திசாலித்தனமா? ‘பேரதிர்ச்சிக்குப் பின்’ என்ற சொற்றொடரே, அபாயம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது. அது முடியாத ஊரில் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவதற்கு முன் மாணவி சற்று நின்று யோசிக்க வேண்டும். மூச்சுத் திணறலையும் அவள் உடனே மனத்தின் கணக்கில் எழுதிவிடலாகாது. அம்மோனியா சுவாசக் குழாயை உண்மையாகவே புண்ணாக்கும். முதலில் நெஞ்சக மருத்துவர், அப்புறம் மற்றவை.

நம் சமுதாயத்துப் பெண்களைப் பற்றியும் ஒரு சொல். கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் சகோதரியிடம், “வெளியே செல்வதைத் தவிர்க்கிறீர்களா?” என்று கேட்டால், ஆம் என்றே பதில் வரும். அது நோயன்று, நான்கு மாதம் பத்து நாள் அவர் பேணும் மார்க்கக் கடமை. இதை அறியாத மாணவி பிழையாக மதிப்பிடுவாள். “அல்லாஹ்வின் நாட்டம்” என்று அமைதியாகக் கூறுபவரை, உணர்ச்சி மரத்துப் போனவர் என்று எழுதிவிடுவதும் அப்படியே. ஆனால் எதிர்த் தவற்றைச் செய்பவர்கள் நாம்தாம். “இத்தாவில் இருக்கிறாள், அப்படித்தான் இருப்பாள்” என்று சொல்லிச் சொல்லி, மாதக்கணக்கில் உண்ணாமலும் உறங்காமலும் உருகும் பெண்ணை யாரிடமும் காட்டாமலே விட்டுவிடுகிறோம். மாமியார் அருகில் அமர்ந்திருக்க, அப்பெண்ணும் மனம் திறக்கமாட்டாள். தனியே பேச, முடிந்தவரை ஒரு பெண் மாணவியே பேச, வீட்டார் இடம் தர வேண்டும்.

மறைத்து வைப்பதன் விலையை நாம் அறியாதவர்கள் அல்லர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். பிறகு, துஆவுடன் மருந்தையும் சேர்த்து வழங்கும் ஏற்பாடு குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் நடைமுறைக்கு வந்தது, ஏர்வாடிக்கும் வந்தது.

களப்பயிற்சியில் மாணவர்களையும் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. “கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், அலையில் நழுவிவிட்டது” என்று பிள்ளையை இழந்த தகப்பன் சொல்வதைக் கேட்டவருக்கு அன்றிரவு உறக்கம் வருமா? அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் மாலையில் மாணவர்களை அமர்த்தி, அவர்கள் மனத்தில் தங்கியதையும் கேட்டுவிட்டே அனுப்புகிறார்கள்.

வடசென்னைவாசிகளுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் உண்டு. வீட்டைவிட்டு வெளிவர இயலாதவர்கள் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தத் தொலைபேசிச் சேவைக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

அந்த மாணவி குப்பத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறாள் அல்லவா? வினாத்தாளை அவள் இன்னும் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. “நேற்று இரவு தூங்கினீர்களா அம்மா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.