இணைய முகவரிப் பதிவகக் கட்டணம்

இணைய முகவரிப் பதிவகக் கட்டணம் என்பது, ஐ.பி. முகவரிகளைப் பகிர்ந்தளித்து, எது யாரிடம் உள்ளது என்று பதிந்து வைக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகள் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் பெறும் தொகையாகும். இது முகவரியின் விலை அன்று. பதிவேட்டைப் பேணும் செலவில் ஒரு பங்கு. அந்தப் பங்கை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் ஓயாத வழக்கு.

உலகில் இத்தகைய வட்டாரப் பதிவகங்கள் ஐந்து. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் 1993-இல் டோக்கியோவில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1998-இல் ஆத்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு இடம்பெயர்ந்தது. இந்தியாவில் நிக்சி நிறுவனத்தின் கீழ் ஐரின் என்னும் தேசியப் பதிவகம் 2012 முதல் இயங்குகிறது. இந்திய நிறுவனம் இவ்விரண்டில் எதன் வழியாகவும் முகவரி பெறலாம்.

தென்காசி போன்ற ஊர்களில் கேபிள் டிவி நடத்தியவர்கள் பலர் இன்று ஃபைபர் இழுத்து இணையமும் தருகின்றனர். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் விடுதிகளில் கூட்டம் பெருகும், முகவரிகள் பெருகா. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கைபேசிகளை நிறுத்திச் சமாளிக்க வேண்டியதுதான். மேல்நிலை நிறுவனத்திடம் முகவரியை இரவல் வாங்கினால் கட்டணத் தொல்லை இல்லை. ஆனால் அந்த நிறுவனத்தை மாற்றும் நாளில் முகவரிகள் கைவிட்டுப் போகும். எனவே சொந்த முகவரி என்பது சிறு நிறுவனத்துக்குப் பெருமைக்கான பொருள் அன்று, பேரம் பேசும் பலம்.

ஏப்னிக்கில் 2010 முதல் நடைமுறைக்கு வந்த சூத்திரப்படி, 256 ஐபிவி4 முகவரிகளுக்கு ஓர் அடிப்படைக் கட்டணம். முகவரிகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் தொடக்கத்தில் 1.3 மடங்கானது. அந்த விகிதத்தில், 65,536 முகவரிகள் வைத்திருந்தவர் 256 மடங்கு முகவரிக்கு ஏறத்தாழ 8 மடங்கு மட்டுமே தந்தார். இருப்பு தீர்ந்துகொண்டிருப்பதால் 2019 முதல் புதிய உறுப்பினருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 512 முகவரிகள். அதே விகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு முகவரிக்கு அவர் தந்தது மேற்சொன்ன பழைய உறுப்பினர் தந்ததைப்போல் சுமார் 20 மடங்கு. முன்பே வந்து அள்ளிக்கொண்டவர்களுக்குச் சலுகையா என்று சிறியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மறுபக்க வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல: 512 முகவரிகளைப் பதிவதற்கும் 65,536 முகவரிகளைப் பதிவதற்கும் பதிவகத்துக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான்.

ஐரோப்பாவின் ரைப் என்.சி.சி. இந்த வாதத்தைக் கடைசிவரை கொண்டு சென்றது. அங்கே பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே தொகை. நெடுங்காலம் 1,400 யூரோவாக இருந்த அது 2025-க்கு 1,800 ஆனது. அதை உறுப்பினர்களே பொதுக்கூட்டத்தில், ஆளுக்கொரு வாக்காக, முடிவு செய்கின்றனர். ஏப்னிக்கில் கட்டணத்தை முடிவு செய்வது நிர்வாகக் குழு; அக்குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்கோ உறுப்பினரின் அளவைப் பொறுத்து 1 முதல் 64 வரை. ஐரின் வழியாக முகவரி பெற்றவர் ஐரினின் உறுப்பினர். ஏப்னிக்கில் அவருக்கு நேரடி வாக்கு இல்லை. கட்டணத்தை ஒப்பிடுவோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் வேறுபாடு இது.

வரவு செலவுத் திட்டத்தில் பெரும்பகுதி ஊழியர் சம்பளம். பயிற்சி, பயணம், கூட்டம் ஆகியவை பதிவகத்தின் வேலையா என்பது அடிக்கடி எழும் கேள்வி. இருப்பு நிதி எவ்வளவு வேண்டும் என்பது அடுத்தது. ஆப்பிரிக்கப் பதிவகமான ஆஃப்ரினிக், உறுப்பு நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் 2021-இல் மொரிசியசு நீதிமன்ற ஆணையால் தன் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதைக் கண்டது. 2023-இல் நீதிமன்றமே பொறுப்பாளரை நியமித்தது. பணம் இருந்தும் எடுக்க முடியாத நிலை அது. அதன் பின்னர் இருப்பின் அளவோடு, அது எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளது என்பதும் விவாதத்துக்கு வந்துவிட்டது.