உள்ளத்தின் நோயும் கேட்டறியும் கடமையும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அந்நகரத்தார் 'ஓசூர் சாலை' என்றே அழைக்கின்றனர். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து 40 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு சென்றால், அதே சாலையில் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1954இல் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1974இல் இணைக்கப்பட்டு உருவானது அது. பல மாநிலங்களிலிருந்து மக்கள் இரவெல்லாம் பயணம் செய்து வந்து சேரும் அந்த இடம், கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்குச் சில மணி நேரப் பேருந்துப் பயணமே. ஆயினும் நம் மஹல்லாக்களிலிருந்து அவ்வாசலை அடையச் சில குடும்பங்களுக்கு ஆண்டுகள் ஆகின்றன. இத்தாமதம் எதனால் நேர்கிறது, மார்க்கம் இதனைப் பற்றி என்ன கூறுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் செய்த தவறு

பிறரைக் குறை கூறுமுன் நம்மிடமிருந்தே தொடங்குவது நேர்மையாகும். பல ஆண்டுகளுக்கு முன் ஓசூர் சிப்காட்டில் சுழற்சி முறையில் வேலை பார்த்துவந்த ஓர் இளைஞரை அவருடைய தந்தை எம்மிடம் அழைத்து வந்தார். "ஹஜ்ரத், பையன் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. கூட இருக்கிறவர்கள் சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்கிறான். யாரோ பேசுவது கேட்கிறதாம். ஓதிப் பாருங்கள்" என்றார். நாம் ஓதினோம், தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். வாரந்தோறும் வந்தார்கள், வாரந்தோறும் ஓதினோம். இடையில் வேறு சிலரிடமும் சென்று, செய்வினை என்று சொல்லக் கேட்டு, கையிருப்பையும் செலவழித்தார்கள். எட்டு மாதங்கள் சென்றபின், உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் மருத்துவமனைக்குச் சென்றபோது நாமும் உடன் சென்றோம்.

மருத்துவர் கேட்ட முதற்கேள்விகளுள் ஒன்று, "இது எத்தனை நாளாக இருக்கிறது?" என்பது. தந்தை விரல்விட்டு எண்ணினார். நாம் தலை குனிந்திருந்தோம். இத்தகைய நோயில் சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, முழுமையாகத் தேறுவது கடினமாகும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அம்மருத்துவர் ஓதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. "நீங்கள் துஆ செய்யுங்கள், மாத்திரையை மட்டும் அவர் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அல்ஹம்துலில்லாஹ், அவ்விளைஞர் இப்போது பகல்நேர வேலை ஒன்றில் இருக்கிறார். ஆனால் அந்த எட்டு மாதங்களை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எம்மால் இயலாது.

மார்க்கம் கற்பிக்கும் முறை

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) வாயிலாகப் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை மதரஸா மாணவர் ஒவ்வொருவரும் தயம்மும் பாடத்தில் படித்திருப்பார். பயணம் ஒன்றில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயமாயிற்று. பின் அவருக்குக் குளிப்புக் கடமையாகவே, தயம்மும் செய்ய அனுமதியுண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் அனுமதியில்லை என்றனர் அவர்கள். அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று மிகக் கடுமையாகக் கண்டித்து, அறியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்னும் கருத்துப்படக் கூறினார்கள்.

இந்த ஹதீஸை நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறோம். அது நம்மையே சுட்டுகிறது என்பது உறைக்க அந்த மருத்துவமனை நாற்காலி தேவைப்பட்டது. தோழர்கள் தீய எண்ணத்தால் தீர்ப்புச் சொல்லவில்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாக எண்ணியதே அவர்களிடம் நேர்ந்த பிழை.

ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அவரைக் காணச் சென்று, அவருடைய மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு பணித்ததும் அபூதாவூதில் உள்ளது. நோயாளியை நலம் விசாரித்தல், அன்புடன் தொடுதல், பிறகு அத்துறை அறிந்தவரிடம் அனுப்புதல் என்னும் வரிசை இங்கே கவனிக்கத்தக்கது. ஹாரிஸ் இஸ்லாத்தைத் தழுவியதற்கு உறுதியான சான்றில்லை என்று கூறும் அறிஞர்கள், திறமையுள்ள மருத்துவர் முஸ்லிம் அல்லாதவராயினும் அவரை நாடலாம் என்பதற்கு இதனையே ஆதாரமாகக் கொள்கின்றனர்.

'ஈமான் உறுதியாக இருந்தால் மனநோய் வராது' என்று சிலர் கூறுவர். மகனைப் பிரிந்த துயரால் யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் கூறுகிறது. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே வரலாறு குறிக்கிறது. துயரம் ஈமானின் குறைவன்று என்பதற்கு இவை போதும். நீரிழிவு வந்தவரின் ஈமானை எவரும் அளந்து பார்ப்பதில்லை. மூளையும் உடலின் ஓர் உறுப்பே, அதற்கும் நோயுண்டு.

முன்னோர் அறிந்திருந்தது

இது புதிதாக மேற்கிலிருந்து வந்த கருத்து என்போர் அபூஸைத் அல்பல்கீயின் நூலைப் பார்த்தல் நலம். ஹிஜ்ரி 322இல், அதாவது 934இல் மறைந்த இவ்வறிஞர், 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் தம் நூலின் முதற்பகுதியை உடல் நலத்துக்கும் இரண்டாம் பகுதியை உள நலத்துக்கும் ஒதுக்கினார். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணம் இன்னதென்று தெரியாமல் உடலின் நிலையிலிருந்து எழும் துயரம் மற்றொன்று எனப் பிரித்துக் காட்டினார். முதலாவதற்குச் சொல்லும் சிந்தனையும் மருந்து. இரண்டாவதற்கு உடலுக்குச் செய்யும் மருத்துவமும் வேண்டும். இன்றைய மருத்துவர் ஆலோசனையையும் மாத்திரையையும் நோய்க்கேற்பப் பகுத்தளிப்பதற்கு மிக அணுக்கமான பார்வை இது.

பீமாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனைகளிலும் மனநோயாளிகளுக்கு இடமிருந்தது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனையும், அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மருத்துவமனையும் இதற்குச் சான்றாகும். வக்ஃபு வருவாயில் நடந்தவை இவை. மனநோயாளியைப் பேணுவது சமுதாயத்தின் பொறுப்பு என்று கருதிய காலம் அது.

ஏர்வாடி தந்த பாடம்

அத்தகைய மரபுக்குரிய நம் மண்ணில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை நடந்ததை நினைவுகூராமல் இருக்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டித் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாமல் மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பத்தார் அன்பில்லாதவர்கள் என்று சொல்லிவிட இயலாது. வேறு வழி அறியாதவர்களும், அறிந்தும் அணுக முடியாதவர்களும் அவர்களுள் இருந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில், மருந்தும் துஆவும் இணைந்த ஏற்பாடாக மனநல மருத்துவர்கள் தர்கா வளாகத்திலேயே நோயாளிகளைப் பார்க்கலாயினர். பின்னர் ஏர்வாடியிலும் அம்முறை வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. ஓதிப் பார்த்தல் ஷிர்க் கலவாத வரம்புக்குள் ஆகுமானதே. அதன் பெயரால் அடித்தல், கட்டிவைத்தல், மருந்தை நிறுத்தச் சொல்லுதல் ஆகியவற்றுக்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

யாரிடம் செல்வது?

நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்வதாகக் கண்டது. நோயின் வகைக்கேற்ப அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் இதற்குரிய நெருக்கடிகள் மிகுதி. ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு என மாறும் வேலை தூக்கத்தைக் குலைக்கிறது. தூக்கக் குலைவு சிலருக்கு நோயைத் தூண்டவும் செய்யும். ஊரைவிட்டு வந்து விடுதிகளில் தங்கும் இளைஞரின் மாற்றத்தைக் கவனிக்க அருகில் தாயில்லை.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், காரணமற்ற சந்தேகம், பிறர் கேளாத குரலைக் கேட்டல், தூக்கமே தேவைப்படாத அளவு மிகுந்த ஊக்கமும் ஊதாரிச் செலவும் ஆகியன காணப்பட்டால் மருத்துவரை நாட வேண்டும். எம் போன்றோர் குறிப்பாக அறிய வேண்டியது வஸ்வாஸ். உளூவை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்யும் மாணவரைப் பேணுதல் மிக்கவர் என்று பாராட்டிவிடுகிறோம். இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் இப்போக்கைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார்கள். அது வாழ்வை முடக்குமளவு முற்றினால் நோயாகும். அதற்குச் சிகிச்சையும் உண்டு.

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேல் மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தரமாட்டார். பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சையளிப்பார். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிவது நல்லது. ஆலோசகர் என்று பலகை வைத்தவரெல்லாம் பயிற்சி பெற்றவராக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இயங்குகிறது. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணமில்லை. 14416 என்னும் எண்ணை அழைத்தால் இரவிலும் பேசலாம். 2022இல் தொடங்கப்பட்ட சேவை அது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் வழங்கும் இப்பகுதியில், தமக்கு வரும் மொழியில் பேசும் மருத்துவரைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். துயரத்தை அயல்மொழியில் சொல்லுவது அரிது.

நோயைப் பற்றி மருத்துவரிடம் சொல்வது புறமாகிவிடுமோ, வீட்டு மானம் போய்விடுமோ என்று அஞ்சுவோர் உளர். உதவி நாடியும் தீர்ப்பு வேண்டியும் பிறரைப் பற்றிப் பேசுவது புறத்தில் சேராது என்பது இமாம் நவவீ (ரஹ்) முதலியோரின் விளக்கம். நோயாளியின் செய்தியை மறைத்து வைப்பது மருத்துவர்மீது அமானிதம். மேற்கூறிய சட்டமும் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது.

நோன்பும் மருந்தும்

ரமளானில் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு, ஷவ்வாலில் நோய் முற்றி வருவோர் உளர். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலனளிக்கத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். திடீரென நிறுத்தினால் தொல்லை தரும். லித்தியம் என்னும் மருந்தை உண்பவருக்கு உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்து நஞ்சாகவும் கூடும். ஆகவே ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கேட்டு, ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மருந்தை மாற்றிக்கொள்ள இயலுமா என்று அறிதல் வேண்டும். இயலாதெனில், நோயாளிக்கு இறைவனே வழங்கிய சலுகை இருக்கிறது. நம்பத்தகுந்த, திறமையான மருத்துவரின் சொல்லை இவ்விஷயத்தில் ஏற்கலாம் என்பது ஃபுகஹாக்களின் நிலைப்பாடு.

ஆலிம்களின் பங்கு

"வாழ்ந்தது போதும்" என்று ஒருவர் நம்மிடம் சொன்னால், தற்கொலை ஹராம் என்னும் உரையை அப்போதே தொடங்கிவிடலாகாது. அவர் அதனை நம்மைவிட நன்கறிந்திருப்பார். அந்த எண்ணம் உள்ளதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, அன்றே மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பதே கடமை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கருதி உதவவேண்டும் என்பதே இன்றைய சட்டத்தின் பொது நிலை.

மக்கள் துயரத்தோடு முதலில் வருவது பள்ளிவாசலுக்கே. அந்த முதல் வாசலில் நிற்கும் இமாமும் ஆலிமும், "ஓதுகிறேன், நாளை மருத்துவரிடமும் செல்வோம், நானும் வருகிறேன்" என்று கூறினால், எட்டு மாதங்கள் எட்டு நாள்களாகும். அரபுக் கல்லூரியின் இறுதி வகுப்பில் மனநல மருத்துவர் ஒருவரை அழைத்து இரண்டு நாள் பாடம் நடத்தச் செய்வதும், ஜமாஅத் நிதியில் நோயாளியின் மாதாந்தரப் பேருந்துச் செலவுக்கு ஒரு பங்கு ஒதுக்குவதும் இயலாத காரியங்களல்ல.

அந்த இளைஞரின் தந்தை இன்றும் சில வெள்ளிக்கிழமைகளில் எம்மைச் சந்தித்து ஸலாம் உரைப்பார். ஒரு நாளும் எம்மைக் குறை கூறியதில்லை. இப்போது யாரேனும் தண்ணீர் ஓதக் கேட்டு வந்தால், ஓதிக் கொடுத்துவிட்டு, அந்த மருத்துவர் கேட்ட கேள்வியை நாமே முதலில் கேட்கிறோம்: "இது எத்தனை நாளாக இருக்கிறது?"

நோயுற்ற உள்ளங்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக. அறியாததைக் கேட்டறியும் பணிவை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.