ஓரறிவும் ஈரறிவும்: முத்துக்குளித்துறையின் எளிய உயிர்கள்

நவமணிகள் என நம் முன்னோர் எண்ணிய ஒன்பதனுள் ஏழு, மண்ணிலும் மலையிலும் கிடைக்கும் கற்கள். முத்தும் பவளமும் மட்டுமே உயிரின் உடலில் விளைபவை. இரண்டும் கடல் தருபவை. திருக்குர்ஆனின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயம் இரு கடல்களைக் கூறி, அவற்றிலிருந்து வெளிப்படும் கொடைகளாக இவ்விரண்டையும் இணைத்தே குறிப்பிடுகிறது. தமிழ்ப் புலவர்களும் பல்லுக்கு முத்தையும் இதழுக்குப் பவளத்தையும் உவமையாக்கி, இரண்டையும் ஒரே முகத்தில் வைத்தனர். இத்துணைச் சிறப்பிற்குரிய மணிகளை ஆக்கும் உயிர்களோ மிக எளியவை. சிப்பிக்குத் தலை இல்லை. பவளத்தை ஆக்கும் உயிருக்கு மூளையும் இல்லை, குருதியும் இல்லை.

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையில் வாழும் நாம் முத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அம்முத்துச் சிப்பியோடு ஒரே கடலில் வாழும் கடற்பஞ்சு, பவளம் முதலியவற்றைப் பற்றிப் பேசியது குறைவு. அவற்றின் அருமையை அறியாமையால் இக்கரை இழந்தது சிறிதன்று.

தொல்காப்பியரின் அளவுகோல்

மரபியலில் தொல்காப்பியர், உயிர்களை அவற்றின் அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பகுத்தார். தொடுவுணர்வு மட்டும் உடையன ஓரறிவுயிர். அதனோடு சுவையுணர்வும் உடையன ஈரறிவுயிர். புல்லும் மரமும் முன்னதில் அடங்கும். நந்தும் முரளும் பின்னதில் அடங்கும். சங்கை நந்தினுள்ளும் சிப்பியை முரளினுள்ளும் சேர்த்து உரை கூறுவர். எனவே, முத்துச் சிப்பி ஈரறிவுயிர் ஆகிறது.

கடற்பஞ்சை எவ்வரிசையில் வைப்பது? மேலை நாட்டறிஞர்களும் நெடுங்காலம் அதனைத் தாவரமா விலங்கா எனத் துணிய இயலாது தடுமாறினர். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ராபர்ட் கிராண்ட் 1825ஆம் ஆண்டளவில் உயிருள்ள பஞ்சொன்றைக் கடல்நீரில் இட்டு, உருப்பெருக்கியின் கீழ் நோக்கினார். அதன் பெருந்துளையிலிருந்து நீர் ஊற்றுப்போல் இடையறாது பொங்குவதைக் கண்டார். பஞ்சு விலங்கே என்பது உறுதிப்படுவதற்கு அவருடைய ஆய்வுகள் வழிகோலின. ‘துளை தாங்கி’ என்னும் பொருள்படும் ‘போரிஃபெரா’ என்ற இனப்பெயரை இட்டவரும் அவரே. தமிழில் துளையுடலிகள் என்கிறோம்.

பஞ்சின் உடல் அமைப்பு எளியது. புறத்தே எண்ணற்ற நுண்துளைகள். உள்ளே சிறு அறைகள். அவற்றின் சுவர்களில் கழுத்துப்பட்டை அணிந்தாற்போன்ற செல்கள். ஒவ்வொரு செல்லிலும் ஒரு சாட்டையிழை. இவ்விழைகள் யாவும் ஓயாது அசைவதால் நுண்துளைகள் வழியே நீர் உள்ளே வருகிறது. நீரிலுள்ள பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்கள் உணவாகப் பிடிக்கப்படுகின்றன. எஞ்சிய நீர் பெருந்துளை வழியே வெளியேறுகிறது. பஞ்சு ஒரு நாளில் தன் உடலளவைப்போல் பல்லாயிரம் மடங்கு நீரை இவ்வாறு வடிகட்டவல்லது. வாய், வயிறு, இதயம், நரம்பு என எதுவுமின்றி இத்தனையும் நடைபெறுகிறது. உடலைத் தாங்குவன கண்ணாடிப் பொருளாகிய சிலிக்காவாலோ சுண்ணத்தாலோ ஆன நுண்முட்களும், ஒருவகைப் புரத நார்களும் ஆகும்.

1907ஆம் ஆண்டில் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு பஞ்சை மெல்லிய பட்டுத் துணியில் இட்டுப் பிழிந்தார். செல்கள் தனித்தனியே பிரிந்து நீரில் வீழ்ந்தன. சிறிது நேரத்தில் அவை ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டு, மீண்டும் முழுப் பஞ்சாக வளரத் தொடங்கின. ஓர் ஊர் இடிந்தபின் அதன் மக்கள் தாமே கூடி அதே ஊரைக் கட்டியெழுப்புவதை ஒத்த செயல் இது.

நரம்பே இல்லாத இவ்வுயிர், தொட்டால் தன் துளைகளை மெல்லச் சுருக்கிக்கொள்ளும். ஆகவே ஓரறிவுயிர் என்னும் பெயர் இதற்கு அழகாகவே பொருந்துகிறது. இது கொண்டு இக்கால உயிரியலைத் தொல்காப்பியர் அன்றே கூறிவிட்டார் எனக் கொண்டாடுவது முறையன்று. அவர் அளந்தது வேறு அளவுகோலால். புலனுணர்வு படிப்படியாக மிகுகிறது என்னும் அவர் பார்வை கடலடியிலும் பொருந்துவதைக் கண்டு மகிழ்வதே போதுமானது.

உலகில் 9,000க்கும் மேற்பட்ட பஞ்சு வகைகள் அறியப்பட்டுள்ளன. மன்னார் வளைகுடாவில் மட்டும் ஏறத்தாழ 275 வகைகள் உண்டு. கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் 1950களில் கண்டறியப்பட்ட வேதிப்பொருள்களே, இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அளிக்கப்படும் சைட்டராபின் என்னும் மருந்துக்கு வழிகாட்டின. நகர இயலாத உயிர், தன்னைக் காத்துக்கொள்ள வேதிப்பொருளையே படையாகக் கொள்கிறது. அப்படை மனிதர்க்கு மருந்தாகிறது.

சிப்பியைத் துளைக்கும் பஞ்சு

கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் பாறைத் திட்டுகளாய் அமைந்தவை முத்துச் சிப்பி வாழும் ‘பார்’கள். 1902இல் இலங்கை முத்துப் பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னலின் துணையுடன் அங்குள்ள உயிர்கள் பலவற்றையும் திரட்டினார். பஞ்சுகளை ஆய்ந்தவர் ஆர்தர் டெண்டி. எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவில் திரட்டிய பஞ்சுகளை 1880களிலேயே ஆய்ந்து அறிக்கை எழுதியவர் அவர். முத்துச் சிப்பியின் ஓட்டைத் துளைத்து வாழும் பஞ்சு ஒன்றை 1905இல் விவரித்து, அச்சிப்பிக்கு அந்நாளில் வழங்கிய அறிவியற் பெயரையொட்டி ‘கிளையோனா மார்கரிட்டிஃபெரா’ எனப் பெயரிட்டார்.

பல்லில்லாத பஞ்சு, கல்போன்ற ஓட்டைத் துளைப்பது எங்ஙனம்? அதன் சில செல்கள் ஓட்டின் மீது படிந்து, தம் விளிம்பைச் சுற்றிச் சுண்ணத்தைச் சிறிதளவே கரைக்கின்றன. மிக நுண்ணிய சில்லொன்று பெயர்கிறது. அச்சில்லைப் பஞ்சு தன் நீரோட்டத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது. தச்சன் உளியால் செதுக்குவது போன்ற வேலை. காலப்போக்கில் ஓடு தேன்கூடுபோல் ஆகி நொறுங்கும் நிலை எய்துகிறது. சிப்பி வாளாவிருப்பதில்லை, துளை உட்புறத்தை எட்டுமிடத்தில் புதிய முத்துப்பூச்சைப் பூசி அடைக்கிறது.

முத்தும் அடிப்படையில் அத்தகைய பூச்சே. சுவாதி மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகிறது என்பது அழகிய கற்பனை. ஹெர்ட்மன் நாடாப்புழுவின் இளவுயிரே முத்துக்குக் கரு எனக் கருதினார். சிப்பியின் ஓட்டையடுத்த மென்போர்வையின் செல்கள் சில, ஏதோ ஒரு காரணத்தால் உடலினுள் புகுந்து ஒரு சிறு பையாகி, அப்பையினுள் பூச்சை அடுக்கடுக்காகப் பூசுவதே முத்து என்பது இன்று தெளிவு. அவ்வுண்மையைப் பயன்படுத்தி, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் அழகர்சாமி 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை ஆக்கிக் காட்டினார். 1981இல் சிப்பிக் குஞ்சுகளும் இங்கேயே பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யப்பட்டன. பரதவரும் முஸ்லிம்களும் மூச்சடக்கி இறங்கிய இயற்கை முத்துக்குளிப்பு இக்கடலில் 1961உடன் நின்றுபோயிற்று.

வந்த பவளமும் இருந்த பவளமும்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கைப் பகுதியில் முத்துக் குளித்ததைக் கூறுகிறது. முசிறிக்கு இறக்குமதியான பொருள்களுள் பவளத்தையும் அந்நூல் சேர்க்கிறது. முத்து இங்கிருந்து சென்றது; பவளம் அங்கிருந்து வந்தது. அணிகலனாகும் செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. நம் கடலில் விளைவதன்று. நம் கடலில் இருப்பவை, பாறைகளைக் கட்டியெழுப்பும் கற்பவளங்கள். மன்னார் வளைகுடாவில் 117 வகைகள் கணக்கிடப்பட்டுள்ளன. நகைக்கு உதவாமையால் இவற்றை நாம் கல்லென்றே கருதினோம்.

பவளத்தை ஆக்கும் உயிரைப் ‘பாலிப்’ என்பர். கடற்சாமந்தியும், மீனவர் ‘சொறி’ என வழங்கும் ஜெல்லி மீனும் இதன் உறவினர், யாவும் குழியுடலிகள். சிறு பை போன்ற உடல், ஒரே வாய், அதனைச் சுற்றி உணர்கொம்புகள், அவற்றில் கொட்டும் செல்கள். உணவு புகுவதும் கழிவு வெளியேறுவதும் அவ்வாய் வழியே. இரையின் சுவையறிந்து பற்றுவதால் இதனை ஈரறிவில் வைக்கலாம். பாலிப் தன் அடியில் சுண்ணக் கிண்ணம் ஒன்றைச் சுரந்து அமர்கிறது. பின் மொட்டுவிட்டுப் பெருகுகிறது. அதன் திசுக்களினுள் ஒருசெல் பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவாக்கிப் பெரும்பகுதியை வாடகைபோல் பாலிப்புக்கே தருகின்றன. பவளத்தின் வண்ணத்திற்கும் அவை காரணம். கடல்நீர் அளவிறந்து வெப்பமடையின் இக்குடித்தனம் குலைகிறது. பாசிகள் வெளியேற, பவளம் வெளுக்கிறது. வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடிகிறது. 2016 கோடையில் இவ்வாறு நிகழ்ந்து, மன்னார் வளைகுடாப் பாறைகளில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது.

அதற்கு நெடுங்காலம் முன்பே நம் கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன. மில்லர்புரத்திலிருந்து கிழக்கே நகரைக் கடந்து கடலை அடைந்தால், வடகிழக்கே வான் தீவும் அதற்கப்பால் காசுவாரி, விலாங்குசல்லி, காரியாசல்லி ஆகியவையும் வரிசையாக அமைந்த இடம். ‘சல்லி’ என்ற சொல்லே உடைந்த கற்களை நினைவூட்டுகிறது. அத்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. அதனைச் செய்தோர் வறியவர். வாங்கிச் சுவர் எழுப்பியோர் நம்முள் பலர். பாறை, அலையின் வேகத்தைத் தடுத்துத் தீவைக் காப்பது. தடுப்பு நீங்கியதும் அலை மணலை வாரிச் சென்றது. விலாங்குசல்லி நீரில் மூழ்கிவிட்டது. 1969இல் ஏறத்தாழ 20 ஹெக்டேராக இருந்த காரியாசல்லி, 2018இல் 6 ஹெக்டேருக்கும் குறைவாயிற்று. வான் தீவும் தன் பரப்பின் பெரும்பகுதியை இழந்தது. ஈரறிவுயிர் கட்டிய மதிலை ஆறறிவுயிர் இடித்ததன் கணக்கு இது.

1986இல் இத்தீவுகள் உள்ளிட்ட 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் கற்பவளங்களும் கடல் விசிறிகளும் கடல் அட்டைகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் சேர்ந்தன. எனினும், தூத்துக்குடிப் பகுதியில் பவளம் வெட்டுவது நின்றது, 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005ஆம் ஆண்டளவில்தான். சட்டம் சொன்னதைவிட அலை சொன்னது விரைவாகக் காதில் விழுந்தது போலும்.

இந்நகரிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளக் கிளைத்துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். வான் தீவின் கடற்புறத்தே செயற்கைப் பாறைகளும் வரிசையாக இறக்கப்பட்டுள்ளன. நீந்தித் திரியும் பவள இளவுயிர்களுக்கு அமர ஓர் உறுதியான தளம் வேண்டும். சிமெண்டும் அவற்றுக்கு உடன்பாடே. கிளைப்பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வளரும். சுண்ணாம்புக் காளவாயிலும் சுவரிலும் மிகுதியாகச் சேர்ந்த உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வது. அரை மீட்டர் உயரமுள்ள ஒரு கல் மீண்டும் உருவாக 50 ஆண்டுகள் ஆகும்.