மூல ஓலையும் படி ஓலையும்: வழக்கறிஞர் மென்பொருளில் வெளியாவணங்களைச் சேமித்தல்

ஜொகூர் மாநிலத்திலுள்ள தமிழாசிரியர்களிடமும் விரிவுரையாளர்களிடமும் வழக்கறிஞர் அலுவலகங்கள் அவ்வப்போது ஓர் உதவியை நாடுவதுண்டு. பழைய தமிழ்க் கடிதம், உயில், கைம்மாற்றுச் சீட்டு, கோயில் நிருவாகக் குழுவின் கூட்டக் குறிப்பு முதலியவற்றைப் படித்துப் பொருள் சொல்லுமாறு கேட்பர். அவ்வாறு கேட்கப்படும் ஆவணம் இன்று பெரும்பாலும் தாளாக வருவதில்லை. அலுவலக மென்பொருளில் சேமிக்கப்பட்ட கணினிப் படமாகவே வருகின்றது. அப்படம் எவ்வாறு அங்குச் சேர்ந்தது, சேரும்போது எதை இழந்தது என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

வழக்கு மேலாண்மை மென்பொருளின் அடிப்படை எளியது. ஒவ்வொரு வழக்கிற்கும் ஒரு கோப்பு எண் உண்டு. கட்சிக்காரர் பெயர், எதிர்த்தரப்பு, தவணை நாள், கட்டணம், கடிதங்கள் ஆகிய அனைத்தும் அவ்வெண்ணின்கீழ்த் தொகுக்கப்படும். அலுவலகமே உருவாக்கும் ஆவணம் பிறக்கும்போதே தன் கோப்போடு பிணைந்து பிறக்கின்றது. யார் எழுதினார், எப்போது திருத்தினார் என்பதை மென்பொருளே குறித்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் ஆவணத்திற்கு இந்த நினைவு கிடையாது. அதனை ஒருவர் கைப்படக் கொண்டுவந்து உரிய கோப்பில் சேர்க்க வேண்டும். அவ்வேளையில் அவர் எழுதி வைக்காத எதனையும் மென்பொருள் அறியாது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவர்க்கு விளக்கத் தடுத்தாட்கொண்ட புராணத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். மணப்பந்தலில் சுந்தரர் பறித்துக் கிழித்தது படி ஓலை. மூல ஓலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூல ஓலையைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறிவிடவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வந்தனர். ஆட்சி, ஆவணம், காட்சி என மூவகைச் சான்றுகளைப் பேசும் சேக்கிழார், அரசவைப் பொறுப்பில் இருந்தவர் என்பதை நாம் பாடம் நடத்தும்போது மறந்துவிடுகின்றோம்.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டமும் ஏறத்தாழ இவ்வழியிலேயே செல்கின்றது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்தது அது. (இந்தியாவில் அச்சட்டம் 2024 சூலை முதல் நாளோடு வழக்கொழிந்தது, இங்கு அதன் வழிவந்த சட்டம் வாழ்கின்றது.) ஆவணத்தின் உள்ளடக்கத்தை அவ்வாவணத்தைக் கொண்டே மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி, நகலுக்கு இடமளிக்கும் சூழல்களைச் சட்டம் தனியே வகுத்துள்ளது. 1993இல் சேர்க்கப்பட்ட 90அ பிரிவு, கணினி தன் வழக்கமான பயன்பாட்டில் உருவாக்கும் ஆவணத்தைச் சான்றாக ஏற்க வழிசெய்தது. ஆயினும், கணினியில் இருக்கின்றது என்பதனாலேயே ஒரு கையெழுத்துத் தாளின் படம் மூலமாகிவிடாது.

இவற்றுள் தமிழ்க் குடும்பங்களைப் பெரிதும் பாதிக்கக்கூடியது 90ஆம் பிரிவாகும். இருபது ஆண்டுகள் பழைமையான ஆவணம் உரிய காப்பிலிருந்து கொண்டுவரப்பட்டால், அதிலுள்ள கையொப்பமும் எழுத்தும் உண்மையானவை என நீதிமன்றம் அனுமானிக்கலாம். எழுதியவரும் சாட்சிகளும் மறைந்துவிட்ட தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இஃது அரிய துணை. ஆனால், ‘உரிய காப்பு’ என்பதை எவ்வாறு காட்டுவது? தாளைக் கொடுத்தவர் யார், அது யார் வீட்டில் எங்கு இருந்தது, மூலம் இப்போது யாரிடம் உள்ளது என்பன சேமிக்கும் நாளிலேயே குறிக்கப்பட்டால் பின்னர் எளிதாகச் சொல்லலாம். ஐந்தாண்டு கழித்து, ‘ஸ்கேன் 34’ என்னும் பெயருள்ள படத்தைப் பார்த்து எவரும் அதனைச் சொல்ல இயலாது.

என் அனுபவம் ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் அலுவலகம் கையெழுத்து உடன்படிக்கை ஒன்றை மொழிபெயர்க்க அனுப்பியது. பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த இரண்டு தாள்கள், இரண்டு படங்கள். வீட்டு மனையில் தம்பிக்குப் பாதி உண்டு என முதற்படம் முடிந்தது. இரண்டாம் படம் ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்கியது. தாள்களின் பின்பக்கம் வருடப்படவே இல்லை. சேமித்த ஊழியருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே, இடையில் ஒரு பக்கம் விடுபட்டதை அவர் அறிய வாய்ப்பில்லை. மூலத்தைத் தேடியபோது, அது கூலாய் வட்டாரத்து மூதாட்டி ஒருவரின் மைலோ டின்னுக்குத் திரும்பியிருந்தது. பின்பக்கத்தில், ‘தவணைப் பணத்தில் பாதியைத் தம்பி கட்டினால்’ என்ற நிபந்தனையும், சாட்சியின் பெருவிரல் ரேகையும் இருந்தன.

தமிழ் ஆவணத்திற்குரிய தனி இடர்கள் இன்னும் உள. புலனம் என நாம் வழங்கும் வாட்ஸ்அப்வழிப் படமாக அனுப்பினால், செயலி படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நாள், கருவி பற்றிய உட்குறிப்புகளும் நீங்கிவிடும். அதே படத்தைக் கோப்பாக இணைத்து அனுப்பினால் அவை நிலைக்கும். மலாய்க்கோ ஆங்கிலத்திற்கோ அமைக்கப்பட்ட எழுத்துணரி தமிழ்ப் பக்கத்தைக் கண்டால் பொருளற்ற குறிகளையே தரும். பிறகு கோப்பில் தேடினாலும் அவ்வாவணம் அகப்படாது. 1990களில் தட்டச்சான கூட்டக் குறிப்புகளோ ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ரோமன் எழுத்துக் குப்பையே தோன்றும். பழுதான கோப்பு என எண்ணி அழித்துவிடவும் கூடும். மாற்றிய ஒருங்குறி வடிவத்தைப் பழைய கோப்பின்மேல் எழுதாமல் தனிக்கோப்பாக வைப்பதே தக்கது. மாற்றத்தில் ஓர் எண் பிழைத்தாலும் ஒப்பிட மூலம் வேண்டுமன்றோ?

மொழிபெயர்ப்பிற்கும் இதே நெறி பொருந்தும். நீதிமன்றத்தில் தமிழ் ஆவணத்தைச் சான்றாகத் தாக்கல் செய்யச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்புத் தேவை. நம் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் வழக்கறிஞர் பொருளறிவதற்கான முதல் வரைவே. ஆகையால், அதன் தலைப்பிலேயே எத்தனை பக்கங்களைப் பார்த்தோம், மூலத்தைக் கண்டோமா படத்தை மட்டும் கண்டோமா, எச்சொல் படிக்க இயலவில்லை என்பவற்றை எழுதிவிடுவது நன்று. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கி, ஆவண வகையையும் கொடுத்தவரையும் சேர்த்தால், தமிழறியாத ஊழியரும் அதனைக் கண்டெடுப்பார். பணி முடிந்தபின் நம் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் தங்கிவிடும் படிகளை நீக்குவதும் நம் பொறுப்பு. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, அவை பிறர் குடும்பத்துப் பூசல்கள்.

மேற்கூறிய உடன்படிக்கை இப்போது அந்த அலுவலகக் கோப்பில் நான்கு பக்கங்களாக இருக்கின்றது. நான்காம் பக்கம் வெற்றுத்தாள்தான். அதனையும் வருடி வைக்குமாறு கேட்டுக்கொண்டேன்.