உங்களுக்குத் தெரியுமா? கெடா, கடாரம், காழகம்

கெடாவுக்குத் தமிழ்க் கல்வெட்டுகள் தந்த பெயர் கடாரம். கிடாரம் என்றும் வரும். வடமொழியில் கடாஹம். சயாமியருக்கு சைபுரி. அரபு மாலுமிகள் குறித்துவைத்த ‘கலா’ துறைமுகமும் இதுதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

அதற்கும் முந்தைய பெயர் ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த சரக்குகளை அடுக்கும் பட்டினப்பாலை, காழகத்திலிருந்து வந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்பது கடாரமே என்று உரை எழுதியவர் நச்சினார்க்கினியர்.

சீனத் துறவி இட்சிங் 671-இல் கான்டனிலிருந்து கப்பலேறி, சுமத்ராவின் ஸ்ரீவிஜயம் வழியாகக் கெடாவுக்கு வந்து, இங்கிருந்துதான் இந்தியா போனார்.

புத்தகுப்தன் என்ற பெரும் மாலுமியைத் தெரியுமா? 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இன்றைய செபராங் பிறையில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். அந்த நிலம் 1800 வரை கெடாவுக்குச் சொந்தம். பலகையின் நடுவே ஒரு தூபி, அதைச் சுற்றிச் சமஸ்கிருத எழுத்துகள். ரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன், தன் பயணம் நல்லபடியாக முடிய வேண்டிக்கொண்டதை அவை சொல்கின்றன. எழுத்தின் வடிவம் 5-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. பலகை இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றது நமக்கெல்லாம் மனப்பாடம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ஸ்ரீவிஜயத்தில் தொடங்கி வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லிக் கடாரத்தில் முடிக்கிறது. ஆனால் அதற்கு முன்பிருந்த நட்பை நாம் பேசுவதே இல்லை. கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே 1006-இல் கொடுத்தவன் சைவனான ராஜராஜன். தந்தை வாய்மொழியாகத் தந்ததைச் செப்பேட்டில் வெட்டி நிலைக்கச் செய்தவன் யார்? பின்னாளில் படையெடுத்த அதே ராஜேந்திரன்! பள்ளிப் பிள்ளைகளுக்குப் போரைச் சொல்லும்போது இந்தச் செப்பேட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடாரம் வென்ற ஊர் மட்டுமல்ல, உறவாடிய ஊரும்கூட.

தொல்லியல் ஆய்வாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் 1936-37-இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் முப்பது இடங்கள்வரை தோண்டினார்கள். அவற்றில் சில, நம்மவர் பால்மரம் சீவிய சுங்கை பத்து தோட்டத்து மண்ணில் இருந்தவை. 2009 முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்களும் குவியல் குவியலாக வெளிவந்தன. படகுத்துறையின் செங்கல் கட்டுமானமும் கிடைத்தது. உலைகளின் வயதைக் கி.மு.வுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை.

நேரில் பார்க்க மெர்போக் போங்கள். ஜெராய் மலையடிவாரத்தில், அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்ற பழங்கோயில் நிற்கிறது. சரிந்து கிடந்ததை 1960 வாக்கில் மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள். முன்மண்டபத்தில் வரிசையாக இருக்கும் தூண்தாங்கிக் கற்களைக் குனிந்து பாருங்கள். அவற்றின்மேல் நின்ற மரத்தூண்களும் கூரையும் மக்கிப்போய்விட்டன.

எல்லாச் சண்டிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. தனியார் நிலத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டியை 2013-இல் வீடமைப்புக்காக இடித்தே விட்டார்கள். செய்தி வெளியாகி நாடே கொதித்தபோது, அங்கே காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.