பச்சைமலையில் பறவை பார்க்க: அனுமதி யாரிடம், பொறுப்பு யாருக்கு?

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் திருச்சி, ஸ்ரீரங்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவகை அறிவிப்பு சுற்றத் தொடங்கிவிடும். ஞாயிறு விடியற்காலை நாலரைக்குக் கிளம்பலாம், பச்சைமலையில் பறவை பார்க்கலாம், அருவியில் குளிக்கலாம், இருட்டும் முன் திரும்பலாம். தலைக்கு இவ்வளவு, காலை டிபன் உட்பட. கீழே பணம் அனுப்ப ஒரு போன் எண். தொப்பி, தண்ணீர் பாட்டில், பைனாகுலர் என்று கொண்டுவர வேண்டியவற்றை வரிசையாக எழுதியிருப்பார்கள். வனத்துறை அனுமதி யார் பெயரில், எந்தப் பாதைக்கு வாங்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது.

பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியது அந்த வரியைத்தான்.

திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களுக்கு நடுவே கிடக்கும் பச்சைமலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. நம்பர் ஒன் டோல்கேட், மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் போய், சோபனாபுரத்தில் மலைப்பாதை பிடித்தால் டாப் செங்காட்டுப்பட்டி. சொந்த வண்டி இல்லாதவர்கள் சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறி அங்கே மாறலாம். மலைக்குப் போகும் பஸ்கள் குறைவு. இறங்குகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஊட்டி, கொடைக்கானல் போல் கூட்டம் மொய்க்காத மலை என்பதுதான் பறவை பார்ப்பவர்களை இங்கே இழுக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளுக்கும் புதர்க்காடுகளுக்கும் உரிய மஞ்சள்தொண்டைச் சின்னான் தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அழிவாய்ப்புள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைப் பட்டியலிட்டிருக்கிறது. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கிவரும் ஆறுமணிக் குருவி, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த விடியலைப் பிடிக்கத்தான் நாலரை மணி வண்டி.

ஆனால் மலை முழுவதும் ஒரே நிலம் அல்ல. தார்ச்சாலை எல்லோருக்கும் பொது. சாலையோரத்து மரவள்ளித் தோட்டமும் வீட்டுக் கொல்லையும் அங்கே காலங்காலமாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுடையவை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமைக்கு வலு சேர்த்திருக்கிறது. அங்கே நுழைய வேண்டுமானால் அந்தக் குடும்பத்தாரைத்தான் கேட்க வேண்டும். மற்றவை காப்புக்காடு. 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். “பறவையைப் பார்க்கத்தான் வந்தோம், எதையும் தொடவில்லை” என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் நுழைந்தது குற்றமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. சாலையில் நின்றபடி பார்ப்பவரை ஒரு சட்டமும் தடுக்கவில்லை. அனுபவசாலிகளைக் கேட்டால், மலைச்சாலை வளைவுகளிலேயே பாதிப் பட்டியல் நிரம்பிவிடும் என்பார்கள்.

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் பலர். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் அந்தச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அது தோட்டத்துக்கும் பொருந்தும், தெருவோர வேப்பமரத்துக்கும் பொருந்தும். படம் தெளிவாக வரவேண்டும் என்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதை யோசித்துக்கொள்ளலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றங்களுக்கான அபராதத்தின் உச்ச வரம்பு ரூ.25,000-லிருந்து ரூ.1 லட்சமாக உயர்ந்துவிட்டது. சிறை மூன்று ஆண்டு வரை. மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினங்கள் என்றால் தண்டனை இன்னும் கடுமை. போனில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் ஒன்று பரவிவருகிறது. எதிரி புகுந்துவிட்டான் என்று எண்ணி அந்தப் பறவை, குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தை நம் போனோடு சண்டை போடுவதில் கழிக்கிறது. கெட்டிக்காரத்தனமாகத் தெரியும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதே மரியாதை.

அனுமதிச் சீட்டு வெறும் காகிதம் அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு கொடிய சாட்சி இருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போன சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிக் குழுவினர் இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். மார்ச் வெயிலில் காய்ந்து நின்ற புல் சரசரவென்று பற்றிக்கொண்டது. ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. இறந்தவர்கள் 23 பேர். தீக்காயங்களோடு மருத்துவமனையில் நாட்கணக்கில் போராடி இறந்தவர்களும் அதில் அடக்கம். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் சீட்டு வாங்கப்பட்டது, குழுவினர் போனதோ கொழுக்குமலைப் பக்கம் என்ற செய்தி பின்னர் வெளிவந்தது. வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடந்தது. நடைப்பயணங்களை ஒழுங்குபடுத்தும் விதிகள் அதே ஆண்டில் வந்தன.

அந்தக் குழுவில் வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் சீட்டில் எந்தப் பாதை எழுதியிருந்தது என்று தெரிந்திருக்கும்? ஒருங்கிணைப்பவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள். சீட்டில் எழுதிய பாதையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வனத்துறைக்குத் தெரிந்தால்தான் தீயோ வெள்ளமோ வந்தால் அங்கே ஆள் அனுப்புவார்கள். வேறு பாதையில் போனவரைத் தேடவே யாருக்கும் தோன்றாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகள் மூடப்படும். அந்தத் தொடக்கப் பட்டியலில் பச்சைமலை இல்லை. ஆகவே சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்க விரும்புபவர்கள் திருச்சி மாவட்ட வன அலுவலருக்குத் தேதி, ஆட்கள், பாதை, வண்டி எண் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதிகம் என்று தோன்றினால் சாலையோரமே போதும்.

அடுத்து வண்டி. தெரிந்தவரின் ஒயிட் போர்டு வேனை வாடகை பேசிக் கிளம்புவது நம் ஊர் வழக்கம். மஞ்சள் போர்டு வண்டியை விட வாடகை குறையும். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது பெர்மிட் விதியை மீறுவது. வளைவில் உருண்டுவிட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கையில் எடுக்கும் ஆயுதம் அதுதான். உள்ளே இருந்தவர்களின் இழப்பீடு வழக்காக இழுபடும். எனவே பெர்மிட், காப்பீடு இரண்டையும் முதல் நாளே போட்டோ எடுத்து வாங்கிவிட வேண்டும். விபத்து நேர்ந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதக் கெடுவை 2019 திருத்தம் வைத்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ என்ற மாநிலத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். வெளி மாநிலத்தவருக்கும் உண்டு.

அருவிக் குளியலை இந்தப் பயணத் திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம் என்பதே இந்தக் கட்டுரையின் பரிந்துரை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாறு பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவியில் நிற்பவருக்கு மேலே எங்கோ மழை கொட்டுவது தெரியாது. கதண்டும் அப்படித்தான் எதிர்பாராமல் வரும்: சென்ட் வாசனை, கல்லெறி, புகை ஏதாவது ஒன்று போதும், கூட்டமாகக் கிளம்பிவிடும். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக்கியது தமிழ்நாடு அரசு. மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் கூப்பிடுவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

வயதானவர்களோடும் சிறு பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு மலை கட்டாயமில்லை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே இறங்குகிறது. அது சரணாலயம் என்பதால் அனுமதி கேட்கும் இடத்தைத் தேட வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இன்னும் கிட்டத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலணைப் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-லிருந்து ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு மொட்டை மாடியே போதும்.

மலையில் வனப் பணியாளர் வழிமறித்தால் வாக்குவாதம் வேண்டாம், ஆனால் கேட்க உரிமை உண்டு: எந்தச் சட்டத்தின் கீழ், என்ன குற்றம். பணம் கட்டச் சொன்னால் ரசீது. வனவிலங்குச் சட்டப்படி இணக்கக் கட்டணம் வாங்கிக் குற்றத்தை முடித்துவைக்கும் அதிகாரம் துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் கீழே இல்லை. வழியில் கைக்கு வாங்கும் நோட்டுக்கு அந்தப் பெயர் கிடையாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். லஞ்சம் கேட்டால் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககத்திடம் போகலாம்; மற்ற குறைகளை 1100-ல் முதல்வரின் முகவரித் துறையில் பதியலாம்.

காசு வாங்கிய ஒருங்கிணைப்பாளரும் சட்டத்தின் பார்வையில் சேவை வழங்குபவர்தான். அனுமதியில்லாமல் கூட்டிப்போனாலோ, பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திருப்பாவிட்டாலோ, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு. “எங்கள் பொறுப்பல்ல” என்ற தாளில் கையெழுத்துப் போட்டதால் மட்டும் புகார் செய்யும் உரிமை போய்விடாது. அவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும், திருச்சியில் வசிப்பவர் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம். பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், அந்த அறிவிப்பு, குழுவில் நடந்த பேச்சு மூன்றையும் பயணம் முடிந்ததும் அழித்துவிடாமல் வைத்திருந்தால் அவையே ஆவணங்கள்.